தானாவில் ஒரு தலையாட்டு

என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் இப்போது முழங்கால் முணுமுணுக்கத் தொடங்கியிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டு வீடு முழுக்க அதைத் தேடுகிற கட்டத்துக்கு நாம் எல்லாரும் வந்துவிட்டோம். ஒஸ்லோவில் பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் உங்களைக் காண்கிறேன். உங்களில் சிலர் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்தவர்கள். "நீ வடக்கிலை இருந்து வந்தனியெல்லே, அங்கை என்னடி இருந்தது?" என்று அப்போது கேட்டீர்கள். "ஆறு" என்று மட்டும் சொன்னேன். முழுப் பதிலை இப்போது சொல்கிறேன். கொஞ்சம் பிந்திவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். கதிரையில் சாய்ந்திருப்பவரின் வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் பெரும்பாலும் வேலை. வாயைத் திறந்தபடி இருக்கிறவர் தலையால்தான் பதில் சொல்லியாக வேண்டும். போன குளிர்காலத்தில் சென்னையிலிருந்து வந்து கணினி வேலை பார்க்கும் ஒரு இளைஞர் வந்தார். "தொடங்கலாமா?" என்று மருத்துவர் கேட்டார். அவர் தலையை இரண்டு தோளுக்கும் நடுவே இப்படியும் அப்படியும் சாய்த்தார். மருத்துவர் கையை எடுத்துவிட்டார். மறுபடி கேட்டார். மறுபடி அதே ஆட்டம். மூன்றாம் தரம் மருத்துவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்கிறவர் எதற்காகப் பணம் கட்டி வந்தார் என்ற கேள்வி முகத்தில் இருந்தது. அவர் சம்மதம்தான் சொல்கிறார், நீங்கள் தொடங்குங்கள் என்றேன். வேலை முடிந்து வாய் கொப்புளித்த பிறகு அந்த இளைஞர், "தேங்க்ஸ்க்கா, நான் ஓகேன்னுதான் சொன்னேன். டாக்டர் ஏன் பயந்துட்டாருன்னே புரியல" என்றார்.

அன்று பின்னேரம் லில்லெஸ்ட்ரோமுக்கு அம்மாவிடம் போயிருந்தேன். இதைப் பகிடியாகச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. வெட்டிக்கொண்டிருந்த வெண்டிக்காயை அப்படியே வைத்துவிட்டு, "அப்பிடித் தலையாட்டினா இவையளுக்கு வேண்டாம் எண்டோ விளங்கும்?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா. உங்களுக்கு இது தெரியாதோ?"

"எனக்கு ஆர் சொன்னது? அப்ப நீ அண்டைக்கு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

அந்த "அண்டைக்கு" எனக்கு எட்டு வயதில் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னோடு ஒரு வார்த்தை கதைக்க விரும்பவில்லை என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அதற்காக அம்மாவை நான் மன்னித்துவிட்டேன் என்றும் நினைத்திருந்தேன். இரண்டும் பிழை.

நாங்கள் இருந்த இடத்தின் பெயர் தானா. நோர்வேயின் வடக்கு உச்சியில், அதே பெயருள்ள ஆற்றின் கரையில் உள்ள ஒரு கொமூன, அதாவது ஊராட்சி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஃபின்லாந்து. "தானாவுக்குத் தானாப் போனனீங்களோ, ஆரும் பிடிச்சு அனுப்பினவையோ?" என்று ஒஸ்லோ அத்தை கடிதம் எழுதியிருந்தார். அனுப்பினவர்கள்தான். அப்பா முதலில் ஹம்மர்பெஸ்ட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். இடுப்பு விட்டுவிட்டது. அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தபோது, ஒரேயொரு குடும்பத்தை எடுக்கிறோம், வீடும் தருகிறோம், முதியோர் இல்லத்துக் குசினியில் வேலையும் தருகிறோம் என்று இந்தக் கொமூன சொன்னது. அந்த ஒரேயொரு குடும்பம் நாங்கள். நூறு கிலோமீட்டருக்குள் தமிழில் தும்முகிற ஆள்கூட வேறு இல்லை.

எங்கள் யன்னலில் நின்று பார்த்தால் மூன்று வெளிச்சம் தெரியும். ஒன்று அயலில் டாக்ஸி ஓட்டிய பெண்ணின் வீடு, எனக்கு அவர் டாக்ஸிக்கார அன்ரி. மற்ற இரண்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஃபின்லாந்தில். மார்கழி முழுக்கச் சூரியன் எழும்பாது. மத்தியானத்தில் இரண்டு மணித்தியாலம் மட்டும் எல்லாம் நீலமாக இருக்கும், பிறகு அதுவும் போய்விடும். பனியில் சப்பாத்து நெறுநெறுக்கும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. குளிர் கூடக் கூட அந்தச் சத்தம் கீச்சென்று மெலிந்துகொண்டு போகும்.

அம்மா ஆற்றுப் பக்கத்துத் திரைச்சீலையைத் திறக்கவே மாட்டார். எல்லை என்றால் துவக்கும் மணல்மூட்டையும் அடையாள அட்டையும் என்று பழகி வந்தவர். "உங்காலை பாக்காதை, அது வேற நாடு" என்பார். உண்மையில் அங்கே ஒரு காவல்காரர்கூட இல்லை. எல்லை ஆற்றின் நடுவில், பனிக்கட்டிக்குக் கீழே எங்கேயோ கிடந்தது. அக்கரையில் மணிக்கூடு எப்போதும் ஒரு மணித்தியாலம் முன்னால் ஓடும் என்று அப்பா சொல்லியிருந்தார். அதை நான் மிகவும் தீவிரமாக எடுத்துக்கொண்டேன். எங்களுக்கு நடக்கப்போவதெல்லாம் அவர்களுக்கு ஒரு மணித்தியாலம் முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம். தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, நான் பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தபோது, அம்மா குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரி இருந்த பட்டணத்துக்கு மூன்று மணித்தியாலப் பயணம். அப்பாவும் கூட ஏறிவிட்டார். "ரண்டு நாளிலை வந்திடுவம். குழப்படி செய்யாதை" என்று கதவு மூடப்படும்போது சொன்னார். அம்மாவின் ஒரு செருப்பு வாசற்படியில் கிடந்தது. அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, டாக்ஸிக்கார அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

அன்ரி ஆற்றங்கரையில் வாழும் 'சாமி' என்கிற வடக்குப் பழங்குடி இனத்துப் பெண். ஆளும் குரலும் பெரிது. எங்களைப் போல் தூரத்தில் சிதறிக் கிடந்த பிள்ளைகளைப் பொறுக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதும், கிழவர்களை மருத்துவரிடம் கொண்டுபோவதும் அவருடைய தொழில். தனியாக இருந்தார். வீட்டில் கோப்பி மணம், ஈரக் கம்பளி மணம், காய்ந்த கலைமான் இறைச்சி மணம். நடைவழிச் சுவரில் பச்சை நிறத் தொலைபேசி ஒன்று இருந்தது. யாருக்காவது எங்காவது போக வேண்டியிருக்கும், அதனால் அது நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும்.

அன்ரி நல்லவர். ஆனால் எனக்கு அந்த வீட்டில் பசி. முதல் நாள் இரவுச் சாப்பாட்டில், இன்னும் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்று தலையைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினேன். சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வஃபல் பணியாரம் வேண்டுமா? ஆட்டினேன். தட்டு அலுமாரிக்குள் போனது. படுக்கும்போது விளக்கை எரியவிடட்டுமா? ஆவலோடு ஆட்டினேன். அணைத்துவிட்டார். இந்த மனிசி பெரிய கஞ்சல்பட்டி என்று முடிவு கட்டினேன். வாயைத் திறந்து ஒரு "யா" சொல்லியிருக்கலாம்தான். பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்த ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் சிரித்தார்கள். அதனால் அந்த மொழியை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் இரண்டு சொல்லை வெளியே விட்டேன். அம்மா வருவாரா என்று கேட்டேன். அன்ரி என்னைப் பார்த்தார். பிறகு "ஹ்ஹா!" என்று மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுத்தார்.

நோர்வேயின் வடக்கில் இருந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். அது வெறும் "ஓம்". அங்கத்தைய சனம் சம்மதத்தை வெளியே சொல்லப் பஞ்சிப்பட்டு, மூச்சோடு சேர்த்து உள்ளே விழுங்கிவிடுகிறது. அம்மா வருவார் என்றுதான் அன்ரி சொன்னார். ஆனால் எங்கள் ஊரில் பாம்பைக் கண்டால் மூச்சை அப்படி இழுப்பார்கள். ஒழுங்கையில் செத்தவீட்டுச் செய்தி வந்தாலும் அப்படி இழுப்பார்கள். அம்மாவுக்கு ஏதோ நடந்துவிட்டது, அது அன்ரிக்குத் தெரியும், எனக்கு மறைக்கிறார் என்று விளங்கிக்கொண்டேன். இரண்டாம் தரம் கேட்கப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அன்ரி ஒருவரை ஏற்றிவரப் போனார். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கினேன். அக்கரையில் இருப்பவர்களைக் கேட்டால் தெரிந்துவிடும், அவர்கள்தான் ஒரு மணித்தியாலம் முன்னால் இருக்கிறார்களே. இதைவிட நல்ல யோசனை எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

ஆறு முழுக்க உறைந்திருந்தது. பனி ஸ்கூட்டர் போகிற தடத்துக்கு அடையாளமாக மரக்கொப்புகளை வரிசையாக நட்டிருந்தார்கள். ஒரு கொப்பிலிருந்து அடுத்த கொப்புக்கு எண்ணிக்கொண்டு நடந்தேன். எல்லாம் நீலமாக இருந்தது. நடு ஆற்றில் நின்று காலடியைப் பார்த்தேன், கோடு ஒன்றும் இல்லை. யாரும் கத்தவில்லை, யாரும் சுடவில்லை. திரும்பிப் பார்த்தபோது எங்கள் வீட்டில் வெளிச்சம் இல்லை. அவ்வளவு தனிமையை நான் அதற்குப் பிறகு ஒருநாளும் உணர்ந்ததில்லை. என் விவாகரத்தின்போதுகூட இல்லை.

அக்கரையில் ஒரு ஃபின்லாந்துக்காரர் விறகு கொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு கோடரியைக் கீழே வைத்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே கூட்டிக்கொண்டு போய் அடுப்புக்குப் பக்கத்தில் இருத்தினார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். அன்ரி வீட்டில் பன்னிரண்டரைக்குப் புறப்பட்டவள் நான். அங்கே இரண்டாகப்போகிறது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன். "மம்மா?" என்று கேட்டு, எங்கள் கரையைக் காட்டினேன். அவர் தலையை மெல்ல அசைத்து, "ஹ்யோ!" என்று மூச்சை உள்ளே இழுத்தார்.

அவருக்கு என்ன விளங்கியிருக்கும்? உன் அம்மா அக்கரையில் இருக்கிறாளா, சரி, என்று நினைத்திருப்பார். எனக்கோ இரண்டு நாடும் ஒரே செய்தியைச் சொன்னதாகப் பட்டது. கறுப்புப் பாணில் தடிப்பாக வெண்ணெய் பூசித் தந்தார். அழுதுகொண்டே முழுவதையும் சாப்பிட்டேன், பசி அப்படி. பிறகு என்னைப் பனி ஸ்கூட்டரில் முன்னால் இருத்தி இக்கரைக்குக் கொண்டுவந்தார். அன்ரி தொப்பி இல்லாமல் கரையில் நின்றார். ஏசவில்லை. ஏற்கனவே பூட்டியிருந்த என் ஜாக்கெட்டின் சிப்பைத் தாடை வரைக்கும் இன்னொரு தரம் இழுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் குசினியில் உருளைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அன்ரி நடைவழியில் நின்று கதைத்தார். அது யாரோ டாக்ஸிக்கு அடிக்கிறார்கள் என்று நான் காது கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அன்ரி தலையை மட்டும் குசினிக்குள் நீட்டி, அம்மாவோடு கதைக்க விருப்பமா என்று கேட்டார்.

அம்மாவோடு! அப்படியென்றால் அம்மா இருக்கிறார். சாகவில்லை. என் வாய் நிறையக் கிழங்கு. ஆட்டினேன், கழுத்து கழன்று விழுகிற அளவுக்குத் தலையை ஆட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு பலமாக நான் எதற்கும் ஓம் சொன்னதில்லை. அன்ரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி, சரி, பரவாயில்லை என்றார். போய் ஏதோ மெல்லச் சொல்லித் தொலைபேசியை வைத்தார். திரும்பி வந்து என் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

எனக்கு விருப்பமா என்று கேட்டாயிற்று, இனி அம்மாவுக்கு எடுத்துத் தருவார் என்று காத்திருந்தேன். அம்மா அந்த நிமிடமே அடுத்த முனையில் இருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நடைவழியில் தொலைபேசிக்குக் கீழே, சப்பாத்துகளுக்கு நடுவில் போய் இருந்தேன். அன்றும் இருந்தேன், அடுத்த நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து இருந்தேன். அது அடித்தது, அடித்தது, எல்லாம் டாக்ஸிக்கு. புதன்கிழமை படுக்கப்போகும்போது எனக்கு விசயம் தெளிவாகிவிட்டது. அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள். அம்மா மாட்டேன் என்றுவிட்டார்.

வியாழக்கிழமை அப்பா வந்தார். சவரம் செய்யாத முகத்தோடு எனக்கு முன்னால் குந்தியிருந்து, "தம்பி வந்தவன் பிள்ளை. ஆறு நாள் இருந்தவன். போட்டான்" என்றார். தம்பி செத்துப்போனான் என்பதை அப்படித்தான் சொன்னார். அம்மா வந்து சேர இன்னும் மூன்று கிழமை ஆயிற்று. அதற்குள் சூரியன் திரும்பி வந்திருந்தது. அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் அவருடைய சப்பாத்தைப் பார்த்தேன். "சாப்பிட்டனியோ?" என்றார். "ஓம்" என்றேன். அவ்வளவுதான் எங்கள் சந்திப்பு.

அதிலிருந்து அம்மா என்னோடு கதைக்கிற விதமே மாறிவிட்டது. "உனக்கு விருப்பமெண்டால் வா." "உனக்கு விருப்பமெண்டால் தலை பின்னிவிடுறன்." எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஒரு சொல்லை வைத்துவிடுவார். முன்பெல்லாம் பிடித்து இழுத்து, தலையில் குட்டி, எண்ணெய் வைத்துப் பின்னியவர். அந்த மரியாதையை நான் வெறுத்தேன். ஆவணி மாதம், "உனக்கு விருப்பமெண்டால் ஒஸ்லோவிலை அத்தை வீட்டை நிண்டு படிக்கலாம்" என்றார். வேண்டாம் என்று அழ வேண்டும் போல் இருந்தது. ஆனால் என்னை வேண்டாதவரிடம் போய் அழுவதா என்று தலையை ஆட்டிவிட்டேன். அந்த ஆட்டம் அம்மாவுக்குச் சரியாகவே விளங்கியது. ஏழு வருடம் அத்தை வீட்டில் இருந்தேன். உங்களை எல்லாம் அங்கேதான் சந்தித்தேன்.

நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இந்த நாட்டில் வளர்ந்தவள், தலையாட்டலின் கூத்து தெரிந்தவள், இதை ஏன் ஒருநாளும் யோசிக்கவில்லை? வஃபலையும் விளக்கையும் பதின்ம வயதிலேயே யோசித்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமையை மட்டும் தொடவில்லை. மனத்தாங்கலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை, எனக்கும் வரவில்லை.

லில்லெஸ்ட்ரோமில், வெண்டிக்காய்க்கு முன்னால், எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொன்னேன். தொலைபேசிக்குக் கீழே இருந்ததையும் சொன்னேன்.

"நேர்ஸ்தான் போன் அடிச்சுத் தந்தவ," என்றார் அம்மா. "முதல்லை தான் கதைச்சா. நான் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறன். என்னைப் பாத்து 'நை' எண்டா. எனக்கு அப்ப இவையின்ர பாசையிலை நாலு சொல்லுத்தான் தெரியும். அதிலை இல்லை எண்ட அந்தச் சொல்லும் ஒண்டு."

"ஏனம்மா என்னட்டை ஒருநாளும் கேக்கேல்லை?"

"என்னத்தைக் கேக்கிறது? எட்டு வயசுப் பிள்ளையை ஆரோ வீட்டிலை விட்டிட்டுப் போனனான். கோவிக்கத்தானே செய்யும். வந்து உன்ர முகத்தைப் பாத்தனான். நீ என்னை நிமிந்தும் பாக்கேல்லை. இனி இவளைக் கரைச்சல்படுத்தக் கூடாது எண்டு நினைச்சன்."

"நான் பாக்காதது நீங்கள் கதைக்கேல்லை எண்டு."

அம்மா மேசையில் இருந்த காம்புகளை ஒன்றாகக் கூட்டினார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அண்டைக்கு என்னம்மா சொல்ல எடுத்தனீங்கள்?"

"சொல்ல இல்லை, கேக்க எடுத்தனான். தம்பி அப்ப மூச்சு விட்டுக்கொண்டுதான் கிடந்தவன். ஒரு கடதாசியைக் கொண்டந்து பேர் கேட்டவை. அப்பா என்னைப் பாத்தார். நான் சொன்னன், பொறுங்கோ, அக்காக்காரி சொல்லட்டும், அவள்தானே காலம் முழுக்கக் கூப்பிடப்போறவள் எண்டு."

"பிறகு?"

"பிறகு என்ன. நீ கதைக்கேல்லை எண்டாப்போலை நானும் ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த நாள் விடிய அவன் போட்டான். அங்கை அவனைத் தாட்ட இடத்துப் பலகையிலை 'பொடியன்' எண்டு இவையின்ர பாசையிலை எழுதி, அப்பான்ர பேரைப் போட்டிருக்கினம்."

நான் அழுதேன். ஐம்பதை நெருங்குகிற மனிசி, மேசையில் முகத்தை வைத்துக்கொண்டு, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். ஆறு நாள் மட்டும் இருந்த அந்தப் பிள்ளைக்கா, கையை நீட்டிக்கொண்டு நின்ற அம்மாவுக்கா, சப்பாத்துகளுக்கு நடுவில் இருந்தவளுக்கா என்று பிரிக்கத் தெரியவில்லை. அம்மா அழவில்லை. அம்மா அதை எப்போதோ அழுது முடித்திருப்பார் போல.

"இப்ப சொல்லு" என்றார்.

"என்னத்தை?"

"பேரை."

நாம் பிள்ளைகளுக்குப் பேர் வைத்த கூத்து உங்களுக்குத் தெரியும். நட்சத்திர எழுத்து, எண்சாத்திரம், நோர்வேக்காரரின் வாயில் நுழையுமா என்ற பரீட்சை. அதையெல்லாம் தள்ளி வைத்தேன். தானாவில் ஒரு எட்டு வயதுக்காரி, வாயில் இருந்த கிழங்கை விழுங்கிவிட்டு, தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்ன சொல்லியிருப்பாள்? அது எனக்கு உடனே தெரிந்தது. சொன்னேன்.

அம்மா அதை முதலில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு யன்னல் பக்கம் திரும்பி, விளையாடப் போன பொடியனைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, கடைசி எழுத்தை நீட்டி, உரத்துக் கூப்பிட்டார்.

அந்தப் பேரை இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்லி அவனைக் கூப்பிட இப்போது நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.